தட்டினால் திறக்கும்: வாசகர் கேள்வி பதில்

பர்மாவின் பல ஊர்களிலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உபுண்டு, மின்ட், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளங்கள் பற்றியவை. மென்பொருள் ஏறவில்லை, பாதியில் நிற்கிறது, அது இல்லை இது இல்லை என்கிறது என்று எல்லாரும் ஒரே பாட்டு. அதனால் பிரிண்டர் கேள்விகளையும் போன் கேள்விகளையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

கட்டளைகளை வழக்கம்போல் போனில் சொல்கிற மாதிரி தமிழிலேயே எழுதுகிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கிற எழுத்துத் திரையில், அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள். 'சூடோ' என்றால் எஸ், யு, டி (டாக்டரின் டி), ஓ; நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்வது. 'ஆப்ட்' என்றால் ஏ, பி, டி (டைமின் டி); மென்பொருளை இணையத்திலிருந்து இறக்கி ஏற்றுவது. 'டிபிகேஜி' அந்த நான்கு எழுத்தேதான் (டாக்டரின் டி); இறக்கியதைப் பிரித்து அமைப்பது. 'கோடு' என்றால் கழித்தல் குறி. போன இதழைப் பார்த்து ஒருவர் 'கோடு' என்பதையே ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி அடித்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று கோபமாக எழுதியிருக்கிறார். ஊரைக்கூடச் சொல்லமாட்டேன்.

கேள்வி: சயா (பர்மியத்தில் 'ஆசிரியரே'), எங்கள் ஊரில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. உபுண்டு 22.04 அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது போய்விட்டது. மேசைக் கணினி, யுபிஎஸ் செத்துப் பல மாதம். இப்போது எதை ஏற்றப் போனாலும் 'டிபிகேஜி தடைபட்டது' என்று வருகிறது. கடையில் கேட்டால் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடவேண்டும் என்கிறார்கள். பிள்ளைகளின் டியூஷன் பாடமெல்லாம் அதில்தான் இருக்கிறது. (டியூஷன் ஆசிரியை, தட்டோன்)

பதில்: அழிக்கவே வேண்டாம், டீச்சர். அந்த வரியைக் கடைசி வரை படித்தீர்களா? 'தடைபட்டது' என்பதோடு அது நிற்பதில்லை. சரிசெய்ய இந்தக் கட்டளையை நீங்களே ஓட்டவேண்டும் என்று சொல்லி, கட்டளையையும் மேற்கோள் குறிக்குள் எழுதிக் காட்டுகிறது. நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் ஒரே சீட்டில், அதுவும் படிக்கிற எழுத்தில் எழுதித் தரும் டாக்டரை நான் இன்னும் பார்த்ததில்லை.

நடந்தது இதுதான். உபுண்டு ஒரு பேக்கேஜை, அதாவது மென்பொருள் மூட்டையை, இரண்டு கட்டமாக ஏற்றும். முதலில் மூட்டையைப் பிரித்து ஃபைல்களை அதனதன் இடத்தில் அடுக்கும். அப்புறம் அவை ஓடுவதற்கு ஏற்றபடி அமைப்புகளைச் செய்யும். எது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை டிபிகேஜியின் ஃபோல்டரில் 'ஸ்டேட்டஸ்' என்ற ஃபைலில் குறித்துக்கொண்டே போகும். மளிகைக் கடைக்கு லாரி வந்தது, மூட்டையெல்லாம் இறங்கிவிட்டது, பேரேட்டில் ஏறுவதற்குள் விளக்கு அணைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு எங்கும் போய்விடவில்லை. வெளிச்சம் வந்ததும் கணக்குப்பிள்ளை விட்ட இடத்திலிருந்து எழுதவேண்டும். அதற்கு முன் அடுத்த லாரியை உள்ளே விடமாட்டார். அந்த மறுப்புதான் உங்கள் திரையில் வருகிறது.

கணக்குப்பிள்ளையை உட்காரவைக்கும் கட்டளை: சூடோ, இடைவெளி, டிபிகேஜி, இடைவெளி, இரண்டு கோடு ஒட்டினாற்போல் கான்ஃபிகர், இடைவெளி, ஒரு கோடு ஒட்டினாற்போல் ஏ. பாஸ்வேர்ட் கேட்கும். நீங்கள் அடிக்கும்போது திரையில் ஒன்றுமே தெரியாது, நட்சத்திரம்கூட வராது. கீபோர்டு கெட்டுவிட்டது என்று பயப்படாமல் அடித்து என்டர் தட்டுங்கள். 'செட்டிங் அப்', 'செட்டிங் அப்' என்று வரிவரியாக ஓடும். நடுவில் ஏதாவது ஓர் அமைப்பு ஃபைலைக் காட்டி, புதியதைப் போடவா, உங்களுடையதையே வைக்கவா என்று கேட்டால், என்டர் மட்டும் தட்டுங்கள், உங்களுடையது இருக்கும்.

அது முடிந்ததும் அடுத்தது: சூடோ ஆப்ட், இடைவெளி, இரண்டு கோடு ஒட்டி ஃபிக்ஸ், ஒரு கோடு, புரோக்கன், இடைவெளி, இன்ஸ்டால். விட்டுப்போன துணைப் பேக்கேஜ் இருந்தால் இது இறக்கிக்கொள்ளும். அப்புறம் வழக்கமான ஆப்ட் அப்டேட், ஆப்ட் அப்கிரேட். கரண்ட் போன நொடியில் எழுதப்பட்ட ஃபைல் ஒன்றிரண்டு காலியாக நின்றிருக்கலாம். ஒரு குறிப்பிட்ட மென்பொருள் மட்டும் திறக்காமல் அடம்பிடித்தால், ஆப்ட் இன்ஸ்டால் என்பதோடு இரண்டு கோடு போட்டு ரீஇன்ஸ்டால் சேர்த்து, அதன் பெயரைக் கொடுங்கள்.

சில சமயம் 'லாக் கிடைக்கவில்லை' என்று வேறொரு வரி வரும். எந்த வேலை அந்தப் பூட்டை வைத்திருக்கிறது என்று எண்ணோடும் பெயரோடும் அதுவே சொல்லும். பெரும்பாலும் பின்னால் தானாக ஓடுகிற அப்டேட்தான். பூட்டு ஃபைலை அழித்துவிடு என்று வீடியோக்களில் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஒரே பேரேட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். கீழே போய் ஒரு லபேய் (தேநீர்) குடித்துவிட்டு வந்தால் வேலை முடிந்திருக்கும்.

கணினி திரையே காட்டாத நிலை வந்தால்: பழைய கணினியில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டும், புதியதில் எஸ்கேப்பைத் தட்டியும் துவக்குங்கள். ஒரு பட்டியல் வரும். அதில் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' உள்ளே பழைய கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். அதுவும் ஓடாவிட்டால் 'ரிக்கவரி மோட்'. அங்கே உடைந்த பேக்கேஜ்களைச் சரிசெய்ய 'டிபிகேஜி' என்றே ஒரு வரி வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. எங்கள் தெருவில் கரண்ட் வந்ததும் ஒவ்வொரு மாடியிலிருந்தும் 'மீ லாபி' என்று கத்துவார்கள். உடனே தண்ணீர் மோட்டார், சோற்றுப் பானை, கணினி எல்லாம் ஒன்றாக ஓடும். உபுண்டுவும் அந்த நேரம் பார்த்துத் தன் பாதுகாப்பு அப்டேட்டை யாரையும் கேட்காமல் தொடங்கிவிடும். அரை மணியில் மறுபடி இருட்டு. 'சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்' என்பதைத் திறந்து, தானாக இறக்கி ஏற்றுவதை 'இறக்கி மட்டும் வை' என்று மாற்றுங்கள். ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். கரண்ட் நிலைக்கும் என்று தோன்றுகிற நேரத்தில் நீங்களே ஏற்றிக்கொள்ளலாம். அப்படி ஒரு நேரம் உங்கள் ஊரில் எது என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

கேள்வி: அண்ணே, நண்பனிடமிருந்து ஒரு மென்பொருளின் டெப் ஃபைலை (உபுண்டுவில் ஏற்றுகிற மூட்டையை) வாங்கி உபுண்டு 22.04-இல் ஏற்றினேன். 'லிப்எஸ்எஸ்எல் 1.1 தேவை, ஆனால் அதை நிறுவ முடியாது' என்கிறது. பழைய உபுண்டுவின் இணையக் கிடங்கிலிருந்து அந்த லைப்ரரியை (மென்பொருள்களுக்கான துணை ஃபைலை) எடுத்துப் போடச் சொல்லி ஒரு வீடியோ பார்த்தேன். போடலாமா? (கல்லூரி மாணவர், மௌலமியன்)

பதில்: தம்பி, முதலில் ஏற்றும் முறை. டிபிகேஜி கோடு ஐ என்று கொடுத்தால் அது அந்த ஒரு மூட்டையை மட்டும் பிரிக்கும். துணைக்கு என்ன வேண்டும் என்று புலம்பும், ஆனால் போய் வாங்கி வராது. ஆப்ட் இன்ஸ்டால் என்று அடித்து, இடைவெளி விட்டு, ஒரு புள்ளி, ஒரு சாய்கோடு, அதோடு ஒட்டி ஃபைலின் பெயரைக் கொடுங்கள். கிடங்கில் இருக்கிற துணைகளை அதுவே இறக்கிக்கொள்ளும். புள்ளியும் சாய்கோடும் இல்லாவிட்டால் அந்தப் பெயரில் கிடங்கில் தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்று சொல்லிவிடும்.

உன் விஷயத்தில் அந்தத் துணையே கிடங்கில் இல்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது இணையத்தில் ரகசியமாகப் பேசுவதற்கான பூட்டுப் பட்டறை. உபுண்டு 22.04 அதன் 3-ஆம் பதிப்புக்கு மாறிவிட்டது. உன் நண்பனின் டெப் ஃபைல் 20.04 காலத்தில் கட்டியது, அது 1.1-ஐக் கேட்கிறது. அந்த 1.1.1 வரிசைக்கு, அதைச் செய்தவர்களே 2023 செப்டம்பரோடு இலவசத் திருத்தம் தருவதை நிறுத்திவிட்டார்கள்.

வீடியோவில் சொன்னபடி போட்டால் வேலை செய்யும். அதுதான் வில்லங்கம். புதியதும் பழையதும் பெயர் வேறு என்பதால் பக்கத்தில் பக்கத்தில் சண்டையில்லாமல் உட்காரும், நீயும் மறந்துவிடுவாய். நாளை அந்தப் பழைய பூட்டில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் எந்த அப்டேட்டும் அதைத் தொடாது. இணையத்தைத் தொடாத ஒரு விளையாட்டு என்றால் உன் விருப்பம். பாஸ்வேர்டோ பணமோ புழங்குகிற மென்பொருள் என்றால் கூடாது. அந்த மென்பொருளுக்குப் புதிய பதிப்பு இருக்கிறதா என்று முதலில் பார். இல்லையென்றால் ஃப்ளாட்பேக் என்ற வேறுவகை மூட்டையில் தேடு. அது தன் துணைகளைத் தானே கட்டிச்சோறாகக் கொண்டு வரும். ஆனால் முதல் தடவை சில நூறு எம்பி இறங்கும், டேட்டாவைப் பார்த்துக்கொள்.

22.04-ஐ விட்டு 24.04-க்குப் போனால் இதே கதை வேறு வேஷத்தில் வரும். 'லிப்அசவுண்ட்2' வேண்டும் என்று கேட்பாய், நிறுவத் தகுந்தது எதுவும் இல்லை என்று சொல்லும். பெயருக்குப் பின்னால் டி64 (டைமின் டி) சேர்த்துக் கேள், வரும். 32 பிட் கணினிகள் 1970-லிருந்து நொடிகளை எண்ணிக்கொண்டு வரும் எண்ணி, 2038 ஜனவரி 19-இல் நிரம்பி வழிந்துவிடும். அதைத் தவிர்க்க நேரத்தை 64 பிட்டில் வைத்து ஏராளமான லைப்ரரிகளை மறுபடி கட்டினார்கள். பழையதோடு குழம்பாமலிருக்கப் பெயரில் ஒரு வால் சேர்த்தார்கள். நம் 64 பிட் கணினிக்கு அந்த வியாதியே இல்லை. ஆனாலும் பெயர் மாற்றம் எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது.

ஆப்இமேஜ் என்ற ஒற்றை ஃபைலாகவும் சில மென்பொருள்கள் கிடைக்கும். அதைப் பற்றிச் சொல்லும்போது என் மானம் போன கதையையும் சொல்லியாகவேண்டும். ஒரு கோயில் திருவிழா நோட்டீஸ் செய்துகொண்டிருந்தேன். பெரியவர் ஒருவர் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருக்கிறார். படம் வரைகிற மென்பொருள் ஒன்றை ஆப்இமேஜாக இறக்கினேன், திறக்கவில்லை. லிப்ஃப்யூஸ் இல்லை என்றது. அவசரத்தில் 'ஃப்யூஸ்' என்ற பேக்கேஜை ஏற்றச் சொன்னேன். ஆப்ட் நீளமாக ஒரு பட்டியல் போட்டது. 'கீழ்க்கண்டவை நீக்கப்படும்' என்று அதன் தலையில் எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை. ஒய் தட்டி என்டர். கணினியை மறுபடி துவக்கினால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். பெரியவர் எட்டிப் பார்த்து, "என்ன சயா, ஃப்யூஸ் போச்சா?" என்றார். ஆமாங்க என்றேன். பொய் சொன்னதாகவும் ஆகாது.

காரணம் இது: 22.04-இன் டெஸ்க்டாப் 'ஃப்யூஸ்3'-ஐ நம்பி நிற்கிறது. பழைய 'ஃப்யூஸ்' அதோடு ஒரே வீட்டில் குடியிருக்காது. நான் பழையதைக் கேட்டதும், ஆப்ட் புதியதையும் அதன்மேல் சாய்ந்திருந்த எல்லாவற்றையும் வெளியே தள்ளி இடம் பண்ணிக்கொடுத்தது. எனக்குத் தேவைப்பட்டது 'லிப்ஃப்யூஸ்2' என்ற சின்ன லைப்ரரி மட்டுமே. 24.04-இல் அதற்கும் அந்த டி64 வால் உண்டு.

மீட்டது எப்படி என்றால்: கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும், அதில் உள்ளே நுழையலாம். போனை யுஎஸ்பி வயரில் சொருகி டெதரிங் போட்டால் இணையம் வந்துவிடும். ஆப்ட் தான் செய்த ஒவ்வொன்றையும் 'ஹிஸ்டரி டாட் லாக்' என்ற ஃபைலில் தேதி போட்டு எழுதிவைக்கும். வார் (வி, ஏ, ஆர்), லாக், ஆப்ட் என்று அடுத்தடுத்த ஃபோல்டருக்குள் போனால் கிடைக்கும். அதில் 'ரிமூவ்' என்ற வரியில் என் முட்டாள்தனம் முழுதும் பெயர் பெயராக இருந்தது. சூடோ ஆப்ட் இன்ஸ்டால் உபுண்டு கோடு டெஸ்க்டாப். நோட்டீஸ் முடிய ராத்திரி 11 மணி. அன்றிலிருந்து நீக்கப்படும் பட்டியலை மட்டும் விரல் வைத்துப் படிக்கிறேன்.

நான் மட்டும் இல்லை. 2021-இல் ஒரு பெரிய யூட்யூப்காரர் பாப் ஓஎஸ் என்ற இன்னொரு லினக்ஸில் விளையாட்டுக் கடையான ஸ்டீமை ஏற்றப் போனார். டெஸ்க்டாப்பே போகப்போகிறது என்று ஆப்ட் எச்சரித்து, 'ஆம், நான் சொல்வதைச் செய்' என்ற முழு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் அடித்தால்தான் தொடர்வேன் என்றது. அவர் அடித்தார். கேமரா முன்னால் டெஸ்க்டாப் போயிற்று.

கேள்வி: உபுண்டு 23.10 வைத்திருக்கிறேன். ஆப்ட் அப்டேட் கொடுத்தால் எல்லா வரியிலும் 404, அதாவது 'கிடைக்கவில்லை', என்று வருகிறது. என் இணையத்தில் கோளாறா? (வாசகர், மண்டலை)

பதில்: இணையம் சரியாகத்தான் இருக்கிறது. 23.10 என்றால் 2023 அக்டோபரில் வந்தது என்று பொருள். இடைப்பட்ட பதிப்புகளுக்கு 9 மாத ஆயுள்தான். உங்களுடையது 2024 ஜூலையோடு முடிந்தது. கிடங்கையே பழைய பதிப்புகளுக்கான 'ஓல்டு ரிலீசஸ்' முகவரிக்கு மாற்றிவிட்டார்கள். உங்கள் ஃபைல்களைப் பத்திரப்படுத்திக்கொண்டு 24.04-ஐப் புதிதாகப் போடுங்கள். எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) என்று போட்டிருக்கும், வெளியானதிலிருந்து 5 வருஷம் கவலையில்லை. எங்கள் பக்கத்து இணையத்துக்கும் கரண்டுக்கும் எல்டிஎஸ் தவிர வேறு எதையும் நான் யாருக்கும் போட்டுத் தருவதில்லை.

கேள்வி: ஐயா, பல நாள் கழித்துக் கணினியைப் போட்டேன். 'ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று சொல்லி அப்டேட் மறுக்கிறது. பிரவுசரும் எந்தப் பக்கத்தையும் நம்பமாட்டேன் என்கிறது. வைரஸா? (ஜவுளிக்கடைக்காரர், பியாப்போன்)

பதில்: திரையின் மேலே தேதியைப் பாருங்கள். உங்கள் கணினி பல வருஷம் பின்னால் எங்கோ உட்கார்ந்திருக்கும். கிடங்கின் பட்டியலில் அது கையெழுத்தான தேதி இருக்கிறது. உங்கள் கணினியின் கணக்கில் அந்தத் தேதி இன்னும் வரவேயில்லை. நாளைய தேதி போட்ட செக்கை வாங்க மறுக்கிற மாதிரி மறுக்கிறது. பிரவுசருக்கும் அதே சந்தேகம்தான்.

உள்ளே மதர்போர்டில் காசு மாதிரி வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032. கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். நாள் கணக்கில் கரண்ட் இல்லாத ஊரில் அது சீக்கிரம் ஓய்ந்துவிடும். கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறவரிடமே கிடைக்கும். கணினியை அணைத்து, வயரைப் பிடுங்கிவிட்டு, எழுத்து உள்ள பக்கம் மேலே இருக்கும்படி மாற்றுங்கள். அதுவரை செட்டிங்ஸில் தேதியையும் நேரத்தையும் கையால் வைத்தால் போதும், அப்டேட் ஓடும். நேர மண்டலம் யாங்கூன், 6.30 என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் கொல்கத்தாவை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பின்னால் வாழ்கிறார்கள்.

கேள்வி: பைத்தான் படிக்கிறேன். பைத்தான் துணைகளை ஏற்றுகிற பிப்பில் இன்ஸ்டால் கொடுத்தால் 'இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது' என்று திட்டுகிறது. அதை மீற ஒரு வழியும் அதுவே சொல்கிறதே, கொடுக்கலாமா? (மாணவி, யாங்கூன்)

பதில்: அந்த வழியின் பெயரைப் படித்தாயா, தங்கச்சி? 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'. உடைக்கப்போகிறேன் என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். உபுண்டுவின் உள்வேலைகள் பல பைத்தானில்தான் ஓடுகின்றன. நீ பிப்பில் ஒன்றைப் புதுசாக மாற்றினால், அவற்றில் ஏதோ ஒன்று படுத்துக்கொள்ளும். சிஸ்டத்தின் பைத்தானையே வேறு பதிப்புக்குத் திருப்பிவிட்டு, டெர்மினலே திறக்கவில்லை என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு.

உனக்கென்று தனி அடுப்பு வைத்துக்கொள். முதலில் ஆப்டில் பைத்தான்3 கோடு வென்வ் (வி, இ, என், வி) என்ற பேக்கேஜை ஏற்று. அப்புறம் உன் ஃபோல்டருக்குள் போய், பைத்தான்3, இடைவெளி, கோடு எம், இடைவெளி, வென்வ், இடைவெளி, ஏதாவது ஒரு பெயர். அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டர் வரும். அதன் 'பின்' ஃபோல்டருக்குள் இருக்கிற பிப்பைக் கொண்டு எதை வேண்டுமானாலும் ஏற்று. கெட்டுப்போனால் அந்த ஃபோல்டரை மட்டும் அழித்தால் போதும்.

கேள்வி: எங்கள் கோயில் மண்டபத்தில் ஞாயிறு தமிழ் வகுப்பு நடக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த பழைய லேப்டாப் ஐந்து கிடைத்திருக்கிறது. ஐந்திலும் உபுண்டு, தமிழ் எழுத்துரு, தமிழ்99, லிப்ரே ஆபிஸ் வேண்டும். இணையம் என்றால் ஒரே ஒரு போனின் டேட்டாதான். ஐந்து தடவை இறக்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. (வகுப்பு ஆசிரியர், பகோ)

பதில்: ஐந்து தடவை இறக்கவே வேண்டாம் சார், ஒரு தடவை போதும். ஆனால் வரிசை முக்கியம்.

ஐந்திலும் ஒரே பென்டிரைவிலிருந்து ஒரே பதிப்பை, ஒரே மாதிரி நிறுவுங்கள். மூட்டைகளை இறக்கி முடிக்கும் வரை எதிலும் வேறு எதையும் ஏற்றிப் பார்க்கவேண்டாம். ஏனென்றால் ஆப்ட், அந்தக் கணினியில் இல்லாததை மட்டும்தான் இறக்கும். முதல் லேப்டாப்பில் நீங்கள் ஏற்கெனவே எதையாவது ஏற்றியிருந்தால், அந்தத் துணைகள் மூட்டையில் வராது. மற்ற நான்கும் அதைக் கேட்டு அழும். இந்த ஒன்றைக் கவனிக்காமல் நான் ஒருமுறை ஒரு பகல் முழுவதும் தொலைத்திருக்கிறேன்.

முதல் லேப்டாப்பில் மட்டும் போனைச் சொருகி ஆப்ட் அப்டேட் கொடுங்கள். அப்புறம் சூடோ, ஆப்ட் கோடு கெட், இடைவெளி, இரண்டு கோடு டவுன்லோட் கோடு ஒன்லி, இடைவெளி, இன்ஸ்டால், அதன்பின் வேண்டியவற்றின் பெயர்கள். தமிழ்99 தட்டச்சுக்கு ஐபஸ் கோடு எம்17என். எழுத்துருவுக்கு ஃபான்ட்ஸ் கோடு லோகித் கோடு டி, ஏ, எம், எல். லிப்ரே ஆபிஸின் மெனுவும் தமிழில் வேண்டுமென்றால் லிப்ரேஆபிஸ் கோடு எல்10என் கோடு டி, ஏ. இது எதையும் ஏற்றாது, மூட்டைகளை இறக்கி மட்டும் வைக்கும். வார், கேஷ் (சி, ஏ, சி, ஹெச், இ), ஆப்ட், ஆர்க்கைவ்ஸ் என்று உள்ளே போனால் டெப் ஃபைல்களாக அடுக்கியிருக்கும். எல்லாவற்றையும் பென்டிரைவில் ஒரு ஃபோல்டரில் போடுங்கள். ஆப்ட் கோடு கெட் என்றே கொடுங்கள்; வெறும் ஆப்ட் என்று கொடுத்து ஏற்றினால், ஏற்றி முடித்த கையோடு மூட்டைகளைத் துடைத்துப் போட்டுவிடும்.

ஒவ்வொரு லேப்டாப்பிலும் அந்த ஃபோல்டருக்குள் டெர்மினலைத் திறந்து, சூடோ ஆப்ட் இன்ஸ்டால், இடைவெளி, புள்ளி, சாய்கோடு, நட்சத்திரம், புள்ளி, டெப். எது முதலில், எது பின்னால் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். அதன்பின் ஒருமுறை வெளியே போய் உள்ளே வந்தால் கீபோர்டு பட்டியலில் தமிழ்99 தெரியும். பிள்ளைகளுக்கு அதையே பழக்குங்கள். ஒலிப்படி ஆங்கில எழுத்தில் தட்டிப் பழகிய விரல் அப்புறம் திரும்பாது.

மண்டபத்தில் ஒரு பழைய வைஃபை ரவுட்டர் இருந்தால் இன்னும் சௌகரியம். ஒரு லேப்டாப்பில் ஆப்ட் கோடு கேஷர் கோடு என்ஜி என்ற பேக்கேஜை ஏற்றி, மற்றவை அதன் வழியாகவே, 3142 என்ற போர்ட்டில், கிடங்கைக் கேட்கும்படி வைக்கலாம். ஒருவர் இறக்கியதை அது வைத்திருந்து மற்றவர்களுக்குத் தரும். அடுத்தடுத்த மாத அப்டேட்டுக்கும் உதவும். அதன் அமைப்பைத் தனியாக எழுதுகிறேன்.

இதுவும் முடியாவிட்டால், யாங்கூன் வருகிற யாரிடமாவது 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றைக் கொடுத்து, எந்தப் பதிப்பு என்று ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நான் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஏறவேண்டாம். வாசலில் கயிறு தொங்கும், நுனியில் கிளிப் இருக்கும். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கிளிப்பில் மாட்டி மணியை ஆட்டச் சொல்லுங்கள், இழுத்துக்கொள்கிறேன். காலையில் பேப்பரும் மாலையில் கீரையும் அதில்தான் வருகின்றன.

கேள்வி: அப்பா காலத்துப் பர்மிய மொழிக் கணக்கு ஃபைல்கள் உபுண்டுவில் கலைந்து தெரிகின்றன. எந்த எழுத்துரு பேக்கேஜை ஏற்றினால் சரியாகும்? (வாசகர், தன்லின்)

பதில்: எழுத்துரு பேக்கேஜ் குறைவதால் வருகிற கோளாறு இல்லை இது. பதௌக் பூவின் பெயர் வைத்த 'பதௌக்' எழுத்துருவை, ஃபான்ட்ஸ் கோடு எஸ்ஐஎல் கோடு பதௌக் என்ற பேக்கேஜில், ஏற்றிக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் உங்கள் ஃபைல் சோஜி என்ற பழைய பர்மிய எழுத்து முறையில் எழுதியது. நாடு யூனிகோடு என்ற உலகப் பொது எழுத்துக் குறியீட்டுக்கு மாறியது 2019 அக்டோபர் 1-இல். அதற்கு முந்தைய ஃபைல்கள் பெரும்பாலும் சோஜிதான். நம் பழைய தமிழ் எழுத்துருவான பாமினியில் அடித்ததை வேறு கணினியில் திறந்தால் முழுக்க ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், கண்டுபிடிப்பது சுலபம். சோஜி அப்படி இல்லை. யூனிகோடின் அதே பர்மிய இடங்களையே வேறு மாதிரி பயன்படுத்தியது. அதனால் பாதி சரியாகவும் பாதி கோணலாகவும் தெரிகிறது. சோஜியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தருகிற கருவியில் போட்டு மாற்றுங்கள். மூல ஃபைலை மட்டும் அழித்துவிடாதீர்கள். கணக்கு என்பதால், மாற்றியபின் தொகைகளை ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

கேள்வி: ஆப்ட் அப்கிரேட் கொடுத்தால் நான்கு பேக்கேஜை மட்டும் 'நிறுத்திவைத்திருக்கிறேன்' என்கிறது. எல்லாக் கட்டளையும் போட்டுப் பார்த்துவிட்டேன், அசையவில்லை. (வாசகர், சாய்லட்)

பதில்: ஒன்றும் செய்யாதீர்கள். உபுண்டு சில அப்டேட்களை எல்லாருக்கும் ஒரே நாளில் தருவதில்லை. கொஞ்சம் பேருக்குக் கொடுத்து, கோளாறு வருகிறதா என்று பார்த்து, அப்புறம் படிப்படியாகக் கூட்டும். உங்கள் முறை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். 24.04-இல் அந்தக் காரணத்தை அதே வரியில் எழுதியே காட்டுகிறது. ஒரு வாரம் கழித்து மறுபடி அப்கிரேட் கொடுங்கள். அப்போதும் நின்றால், திரையில் வருவதை ஒரு வரி விடாமல் எழுதி அனுப்புங்கள். 'எல்லாக் கட்டளையும்' என்றீர்களே, அவை என்னென்ன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது.